எறிஞ்சவன் வரட்டும்

வாங்க தங்கச்சி, உள்ள வாங்க. செருப்பு காலோட கெடக்கட்டும், இது வீடு இல்ல, இளைஞர் மன்றம். அந்த கேரம்போர்டு மேலயே உக்காருங்க. ஒண்ணும் ஆகாது, நான் இங்க வந்து படுத்ததுலேருந்து அதுல எவனும் ஆடுறதில்ல. என்னால எந்திரிக்க முடியாது, தப்பா எடுத்துக்காதீங்க. கால்ல மாவுக்கட்டு.

கருக்காட்டுலேருந்து வர்றீங்களாமே. ரெத்தினா சொன்னா. ரெத்தினா யாருன்னா என் நாத்தனா, வீட்டுக்காரரு தங்கச்சி. "அண்ணி, கருக்காட்டு மகளிர் குழுவுலேருந்து ஒரு அக்கா வருது, நம்ம ஊரு ஆம்பளைங்கள எப்படி உடற்பயிற்சி பண்ண வச்சீங்கன்னு கேக்கணுமாம்"னா. சொல்றேன். ஒண்ணு விடாம சொல்றேன். ஆனா கல்லு விஷயத்தையும் சேத்துத்தான் சொல்லுவேன். அத மட்டும் கேக்காம வாங்கன்னு எவனாவது சொல்லி அனுப்பியிருந்தா, பஸ்ஸு இன்னும் திரும்பிப் போகல, இப்பவே கிளம்பிடுங்க.

இருக்கீங்களா? சரி.

எங்க ஊர்ல காணும் பொங்கலுக்குக் கபடி. கல்யாணம் ஆனவங்க ஒரு பக்கம், ஆகாதவங்க ஒரு பக்கம். உங்க ஊர்லயும் உண்டா? அப்பப் புரியும். அந்தக் கட்டப் பிரம்மச்சாரிப் பயலுவ வருஷம் பூரா ஆடுறானுவ. ஓடுறானுவ, குதிக்கிறானுவ, உடம்பு வில்லா வளையுது. இந்தப் பக்கம் நிக்கிறதெல்லாம் யாரு? போன பொங்கலுக்கு ஓடுனதோட சரி. நடுவுல பஸ்ஸப் புடிக்கக்கூட ஓடல. டீக்கடையில குந்தி, மன்றத்துல குந்தி, வீட்டுல டி.வி. முன்னால குந்தி, பொங்கலன்னைக்கு டவுசரப் போட்டுக்கிட்டு நடுக்கோட்டுல வந்து நிக்குறது. தொடையத் தட்டுறது. மீசையத் தடவுறது. அப்புறம் விழறது.

வருஷாவருஷம் யாராவது ஒருத்தரு. ஒரு வருஷம் தோள்பட்டை, ஒரு வருஷம் முட்டி. ஆஸ்பத்திரியிலேருந்து கட்டோட வந்து எறங்கும்போது மாலை போடாத குறைதான், அவ்வளவு பெருமை. பெருமையெல்லாம் அவங்களுக்கு, அப்புறம் தூக்கிப் புரட்டுறது யாரு? நாங்க.

போன வருஷம் எங்க வீட்டுக்காரரு.

அவரு பேரு சாமியய்யா. கொத்தனாரு. நீங்க வர்ற வழியில மாடி வச்ச பள்ளிக்கூடம் இருக்கே, அது அவரு கட்டுனது. சாரத்துல ஏறுனாருன்னா அணிலு மாதிரி. நல்ல மனுஷன், வாயில்லாப் பூச்சி. ஆனா கபடின்னா மட்டும் அன்னைக்கு ஒரு நாளு வேற ஆளு. பாடிக்கிட்டே போனாரு. ஒருத்தனத் தொட்டுட்டாரு. திரும்பிக் காலை ஊனி எகிறப் போனாரு பாருங்க, அப்படியே குந்திட்டாரு. குதிகாலப் புடிச்சுக்கிட்டுப் பின்னால திரும்பி, "எவன்டா என்ன உதைச்சது"ங்குறாரு.

பின்னால ஆளே இல்ல தங்கச்சி. வெறும் மண்ணு. ஊரே சிரிச்சுது. நானும்தான் சிரிச்சேன், ஏன் சிரிக்கக் கூடாது? ஆள் இல்லாத எடத்துல உதை எங்கேருந்து வரும்?

டவுன் ஆஸ்பத்திரியில பாத்தா குதிகாலுக்கு மேல உள்ள நரம்பு அறுந்து போயிருக்கு. பெரிய நரம்பு, வடம் மாதிரி இருக்குமே, அது. கட்டப் போட்டுப் படுக்க வச்சாங்க. மழைக்காலம் வர்ற வரைக்கும் அவரால ஒழுங்கா நடக்க முடியல. சாரத்துல ஏறவே கூடாதுன்னுட்டாங்க, இன்னைக்கு வரைக்கும் தரை வேலை மட்டுந்தான். வீட்டுல அடுப்பெரியணுமே, நான் சித்தாளாப் போனேன். காலையில சட்டியில சோத்த வச்சிட்டு, அவரு பக்கத்துல தண்ணிச் செம்ப வச்சிட்டு ஓடுவேன். படுத்துக்கிட்டே சொல்லுவாரு, "என்னை உதைச்சாங்க தவமணி, நான் உணர்ந்தேன்". நான் சொல்லுவேன், "ஆமா, உங்க வயசு உதைச்சுது". நல்லா கேட்டேன்ல? ஒருநாளு சுவத்தப் பாத்துத் திரும்பிப் படுத்தவரு திரும்பவே இல்ல. என்னான்னு கேக்கலாம்னுதான் பாத்தேன், எனக்கு வேலைக்கு நேரமாயிருச்சு.

ஆஸ்பத்திரியில நர்மதான்னு ஒரு பொண்ணு. எலும்பு டாக்டருக்குப் பக்கத்து ரூம்ல பயிற்சி குடுக்குற பொண்ணு, நம்ம வீட்டுப் புள்ள மாதிரி தன்மையாப் பேசும். அதுதான் எங்களுக்கு வெளங்க வச்சுது. வருஷம் பூரா சும்மா இருந்துட்டு ஒருநாளு திடீர்னு குதிச்சா உடம்பு தாங்காது, நரம்பு பட்டுனு போயிரும். ஆடணும்னா ரெண்டு மாசம் முன்னாலயே உடம்பப் பழக்கணும். நடக்கணும், உக்காந்து எந்திரிக்கணும், படிக்கட்டு ஓரத்துல முன்னங்கால ஊனிக் குதிகால ஏத்தி எறக்கணும். ஆடுற அன்னைக்கும் வேத்து வர்ற வரைக்கும் மெதுவா ஓடிட்டுத்தான் எறங்கணும். இவ்வளவுதான் விஷயம். இதுக்கு ஒரு செலவு உண்டா? இத ஏன் எவனும் செய்யலன்னு எனக்கு ஆத்திரம் ஆத்திரமா வந்துச்சு.

கார்த்திகையில மன்றத்துல கூட்டம் போட்டானுவ, பொங்கல் விளையாட்டுக்கு. நாங்க பொம்பளைங்க எல்லாம் சேந்து இதே வாசல்ல வந்து நின்னோம். பயிற்சி பண்ணாதவன் களத்துல எறங்கக் கூடாதுன்னு சொன்னேன். செயலாளரு திருமேனி, நாற்காலிய விட்டு எந்திரிக்கவே இல்ல. "அக்கா, கபடி ஆம்பளைங்க விவகாரம், நீங்க கோலப்போட்டியப் பாருங்க"ன்னான்.

நான் சொன்னேன், "ஆடுற வரைக்கும் உங்க விவகாரம்டா. விழுந்தப்புறம் எங்க விவகாரம்."

சிரிச்சானுவ. சிரிங்கடான்னு வந்துட்டோம். மறுநாளு பொழுது சாயுறதுக்குள்ள, வீட்டுக்கு வீடு ஆம்பளைங்க படுக்குற கயித்துக்கட்டிலத் தூக்கித் தலையில வச்சுக்கிட்டு வரிசையா வந்தோம். கட்டில் ஊர்வலம். கொண்டாந்து இந்த மன்றத்துக்குள்ள அடுக்குனோம், கதவு சாத்த எடம் இல்ல. நான்தான் நடுவுல நின்னு சத்தமாச் சொன்னேன். பயிற்சி இல்லாம ஆடி எவன் விழுந்தாலும் வீட்டுக்கு வரக் கூடாது, இங்கதான் படுக்கணும். மன்றந்தான் பாக்கணும். கஞ்சி ஊத்துறதுலேருந்து மூத்திரச் சட்டி எடுக்குறது வரைக்கும் செயலாளரு பொறுப்பு. விழுந்தவன் யாரா இருந்தாலும் இதுதான் சட்டம். யாரா இருந்தாலும்னு நான்தான் அழுத்திச் சொன்னேன், இல்லேங்கல.

அதுக்கெல்லாம் அவனுவ பயப்படல. பயப்பட வச்சது மார்கழிக் குளுரு. கட்டில் இங்க இருந்தா அவனுவ எங்க படுப்பானுவ? சில்லுனு சிமெண்டுத் தரை. முதுகு புடிச்சுக்குது, இடுப்பு புடிச்சுக்குது, விடிகாலம் கோயில் ஒலிபெருக்கி போடுறதுக்கு முன்னாலயே முழிப்பு வந்துருது. முழிச்சவனுக்கு வேற என்ன வேலை? ஒவ்வொருத்தனா போர்வையப் போத்திக்கிட்டுக் களத்துக்கு வந்தானுவ. பொங்கல் வரைக்கும் ஒழுங்கா வந்தாக் கட்டில் வீடு திரும்பும்னு பேச்சு.

எங்க வீட்டுக்காரருதான் சொல்லிக் குடுத்தாரு. ஆஸ்பத்திரியில அவருக்குக் குடுத்த பயிற்சி எல்லாம் அத்துப்படி. மொதல்ல நாற்காலியில உக்காந்துக்கிட்டே காட்டுனாரு, அப்புறம் மெல்ல எந்திரிச்சு நின்னு. நான் எவர்சில்வர் தட்டையும் கரண்டியையும் வச்சுத் தாளம். தட்டுச் சத்தம் நிக்கிற வரைக்கும் எவனும் நிக்கக் கூடாது. மொத வாரம் முனகுனானுவ. அப்புறம் அவனுவளே ஒருத்தன ஒருத்தன் கூப்பிட ஆரம்பிச்சுட்டானுவ. பால்காரரு சம்முகத்துக்குச் சர்க்கரை எறங்கி மாத்திரையக் கொறைச்சுட்டாங்க. டீக்கடைக்காரரு வடை விக்கலன்னு எங்கிட்ட சண்டைக்கு வந்தாரு. களத்து மண்ணக் கிளறிச் சலிச்சு, ஒரு குறுணிக்கல்லு இல்லாம பொறுக்கச் சொன்னேன். கையால தடவிப் பாத்தேன் தங்கச்சி, மாவு மாதிரி இருந்துச்சு. இத ஞாபகம் வச்சுக்கங்க, பின்னால வரும்.

காணும் பொங்கலும் வந்துச்சு. கட்டிலெல்லாம் வீட்டுக்குப் போயிருச்சு. ஒண்ணே ஒண்ண மட்டும் களத்தோரமாப் போட்டு வச்சேன், பாத்து பயம் இருக்கட்டும்னு. எங்க வீட்டுக் கட்டிலு, இதோ நான் படுத்திருக்கேனே இதான். ஆடுறதுக்கு முன்ன அத்தனை பேரும் வேக்க வேக்க ஓடுனானுவ, நீட்டுனானுவ, மடக்குனானுவ. ஆட்டத்துல தோத்தாங்க. தோத்தா என்ன? எங்க ஊரு சரித்திரத்துல மொத தடவையாக் கல்யாணமான செட்டு மொத்தமும் சொந்தக் கால்ல வீட்டுக்கு நடந்து போச்சு. எனக்கு நெஞ்சு நெறைஞ்சு போச்சு. அழுதுட்டேன்னுகூட வச்சுக்கங்க.

அதுக்கப்புறம் பொம்பளைங்களுக்குக் கயிறு இழுக்குற போட்டி. வடக்குத்தெருவுக்கும் தெற்குத்தெருவுக்கும். நான் தெற்குத்தெருவுக்குக் கடைசி ஆளு, கயித்த இடுப்போட அணைச்சுப் புடிக்கிறது எப்பவும் நான்தான். நர்மதாப் பொண்ணு விளையாட்டுப் பாக்க வந்திருந்துச்சு, நான்தான் கூப்பிட்டிருந்தேன். ஓடி வந்து, "அம்மா, நீங்களும் கொஞ்சம் உடம்பச் சூடு பண்ணிக்கங்க"ங்குது. வீட்டுக்காரரும் தாங்கித் தாங்கி வந்து, "குதிகால ரெண்டு தடவை ஏத்தி எறக்கிட்டு இழு தவமணி"ங்குறாரு.

எனக்கு எதுக்கு? நாங்க என்ன வருஷம் பூரா குந்தியா இருந்தோம்? தண்ணி தூக்குறோம், செங்கல்லு தூக்குறோம், குனிஞ்சு பெருக்குறோம். பொம்பளை உடம்பு பொறந்ததுலேருந்து சூட்டுலதான் இருக்கு. இத அப்பவும் சொன்னேன், இப்பவும் சொல்லுறேன், நாளைக்கு எந்திரிச்சு நின்னும் சொல்லுவேன். பயிற்சிங்குறது உக்காந்து கெடக்குற ஆம்பளைக்கு.

விசிலு ஊதுனாங்க. இழுத்தோம். வடக்குத்தெரு நகந்து வருது, இன்னும் ஒரு இழுப்புதான். நான் வலது கால நல்லா ஊனி, பல்லக் கடிச்சுக்கிட்டு இழுக்குறேன். டப்புனு ஒரு சத்தம். குதிகாலுக்கு மேல ஒரு கல்லு.

கல்லு தங்கச்சி. இத்தாத் தண்டிக் கல்லு. கவட்டையில வச்சு விட்டெறிஞ்ச மாதிரி நச்சுனு வந்து பட்டுச்சு. கயித்த விட்டுட்டுத் திரும்பிப் பாக்குறேன், திருமேனி மைக்கப் புடிச்சுக்கிட்டு நிக்கிறான். "எவன்டா கல்லெறிஞ்சது"ன்னு கத்துனேன். போன வருஷம் அவருக்குச் சிரிச்ச ஊரு, எனக்கு ஒருத்தன்கூட சிரிக்கல. அதுலேருந்தே வெளங்கலையா, விஷயம் எல்லாருக்கும் தெரியும்னு?

நொண்டிக்கிட்டே மொதல்ல ஓடி வந்தது எங்க வீட்டுக்காரருதான். மண்ணுல குந்தி என் கால எடுத்து மடியில வச்சுக்கிட்டாரு. அவருக்கு மொகமெல்லாம் வேத்துக் கொட்டுது, எனக்கு அடிபட்டதுக்கு அவருக்கு ஏன் வேக்கணும்னு தெரியல.

ஆஸ்பத்திரியில அதே டாக்டரு. அமுக்கிப் பாத்தாரு. "கல்லெல்லாம் இல்லம்மா, நரம்பு தானா அறுந்திருக்கு. இது அறுந்தவங்க எல்லாரும் இதையேதான் சொல்லுவாங்க, கல்லால அடிச்சாங்க, பின்னாலேருந்து உதைச்சாங்கன்னு"ங்குறாரு. நான் விடுவனா? எல்லாரும் சொல்லுறாங்கன்னா எல்லா ஊர்லயும் எறியுறானுவன்னுதானே சார் அர்த்தம்னு கேட்டேன். அவரு பதில் சொல்லாம மாவுக்கட்டுக்கு எழுதிட்டாரு. பதில் இருந்தாச் சொல்லியிருப்பாருல்ல?

வீடியோ வேற காட்டுறானுவ. எவனோ செல்போன்ல எடுத்தது. பாருக்கா, கல்லே இல்லங்குறான். அவ்வளவு வேகமா வர்ற கல்லு செல்போன்ல விழுமா? அப்புறம் இன்னொருத்தன், "களத்தச் சலிச்சு ஒரு கல்லு இல்லாமப் பொறுக்குனது நீங்கதானே அக்கா, பின்ன கல்லுக்கு எங்க போறது"ங்குறான். அதத்தான் நானும் கேக்குறேன். களத்துல இல்லாத கல்லு எப்படி வந்துச்சு? வெளியிலேருந்து கொண்டாந்திருக்கான். மடியில கட்டிக்கிட்டு வந்திருக்கான். இது கீழ கெடந்தத எடுத்து எறிஞ்சது இல்ல, திட்டம் போட்டு எறிஞ்சது. அவனுவளக் குளுருல எழுப்பி ஓட வச்சேன்ல, அந்தக் கடுப்பு.

ஆட்டோவுல திரும்பி வரும்போது வீட்டுக்குப் போகாத, மன்றத்துல நிறுத்துன்னுட்டேன். ரெத்தினா கால்ல விழாத குறை. விழுந்தவன் யாரா இருந்தாலும் மன்றத்துலதான்னு சொன்ன வாயி இது. ஆம்பளைக்கு ஒரு சட்டம், எனக்கு ஒரு சட்டமா? இந்தக் கட்டிலக் களத்துலேருந்து இங்க தூக்கிப் போடச் சொன்னேன். எறிஞ்சவன் வந்து ஒத்துக்கட்டும், அப்புறம் பேசுவோம்னு படுத்துட்டேன்.

திருமேனிக்கு ஒறக்கம் இல்ல. சூடம் அணைச்சு சத்தியம் பண்ணுனான். நான் அசையல. நேத்து வந்து, "அக்கா, நான்தான் எறிஞ்சேன்னு வச்சுக்கங்க, வீட்டுக்குப் போங்க"ங்குறான். வச்சுக்கவெல்லாம் முடியாதுடா, எறிஞ்சியா இல்லையான்னு கேட்டேன். தலையச் சொறிஞ்சுக்கிட்டே போயிட்டான். நான் இங்க கெடக்குறதுல ஊருக்கு ஒரு நன்மை, மன்றத்துல சீட்டாட்டம் நின்னு போச்சு, பீடிப் பொகை இல்ல.

இன்னொண்ணு கேளுங்க. பொங்கல் முடிஞ்சு போச்சு, கட்டிலும் வீட்டுக்குப் போயிருச்சு. இன்னும் ஏன் விடிகாலம் வந்து இந்த மன்றத்து வாசல்லயே பயிற்சி பண்ணுறானுவ? களம் அங்க இருக்கு, இங்க எதுக்கு? என்னை வெறுப்பேத்தத்தான். இப்பப் பொம்பளைங்களும் சேந்துக்கிட்டாளுவ, ரெத்தினாதான் முன்னால நிக்கிறா. குதிகால ஏத்தி எறக்குறாளுவ. எனக்குத் துரோகம் பண்ணுற மாதிரிதான். ஆனா தாளம் தப்புது பாருங்க, அத என்னால கேட்டுக்கிட்டுப் படுத்திருக்க முடியல. தட்ட எடுத்துட்டு வரச் சொல்லி, படுத்துக்கிட்டே நான்தான் தட்டுறேன்.

எங்க வீட்டுக்காரரு மூணு வேளையும் சோறு கொண்டாறாரு. எப்படித்தான் கத்துக்கிட்டாரோ, நர்சு தோத்துப் போவா. தலையணையக் குதிகாலுக்குக் கீழ வைக்க மாட்டாரு, கெண்டைக்காலுக்குக் கீழ வச்சுக் குதிகாலத் தொங்க விடுறாரு. சுகமா இருக்கு தங்கச்சி. கட்டுக்குள்ள அரிச்சா நான் வாயத் தெறக்கவே வேணாம், தென்னங்குச்சியத் தொடச்சு எடுத்துக்கிட்டு வந்துருவாரு. சாயங்காலம் ஆனா மனசு ஒரு மாதிரி ஆயிரும்னு அவருக்கு யாரு சொன்னா? அந்த நேரம் பாத்து வந்து பக்கத்துல உக்காந்துக்குறாரு.

முந்தாநேத்து எனக்கு அழுகை வந்துருச்சு. யாருக்கும் தெரியக் கூடாதுன்னு சுவத்தப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிட்டேன். அவரு எந்திரிச்சுப் போகல. அப்படியே உக்காந்திருந்தாரு. நானே கேட்டேன்.

"ஏங்க, நீங்களாவது நம்புறீங்களா?"

"நம்புறேன்."

"பின்னால யாருமே இல்லன்னு எல்லாரும் சொல்லுறாங்களே."

"எனக்குப் பின்னாலயும் யாரும் இல்லதான் தவமணி. ஆனா உதை விழுந்துச்சு."

எனக்குப் பொட்டுல அறைஞ்ச மாதிரி இருந்துச்சு. அந்த மனுஷன் கல்யாணம் கட்டுன நாள்லேருந்து ஒரு பொய் சொன்னதில்ல. மட்டம் ஒரு நூலு தப்பியிருந்தாலும், யாரும் பாக்கலன்னாலும், சுவத்த இடிச்சுட்டு மறுபடி கட்டுற ஆளு. அவரு உதைச்சாங்கன்னு சொன்னா உதைச்சாங்க. முடிஞ்சு போச்சு. கல்லெறிஞ்சவனும் அவர உதைச்சவனும் ஒரே ஆளா, வேற வேற ஆளான்னுதான் எனக்கு இப்ப யோசனை. ரெண்டு பேரையும் ஊரு முன்னால நிறுத்தாம இந்தக் கட்டில விட்டு எந்திரிக்க மாட்டேன். மொதல்ல அவருக்கு நியாயம், அப்புறந்தான் எனக்கு.

சரி, நீங்க வந்த வேலை. கருக்காட்டுல மொதல்ல கட்டிலத் தூக்குங்க, மத்ததெல்லாம் தானா நடக்கும். தட்டுக்குப் பித்தளை வேணாம், எவர்சில்வருதான் கணீர்னு கேக்கும். பயிற்சி என்னென்னன்னு என்ன விட அவரு நல்லாச் சொல்லித் தருவாரு. இதோ, அந்த வேப்பமரத்தாண்ட தூக்குவாளியோட வர்றாரு பாருங்க, லேசாச் சாஞ்சு சாஞ்சு, அவருதான். என்ன வேணாலும் கேளுங்க, கூச்சப்படாமக் கேளுங்க. போன வருஷம் யாரோ உதைச்சாங்களாமேன்னுகூடக் கேளுங்க, சொல்லுவாரு.

ஆனா சிரிச்சுராதீங்க தங்கச்சி. அத மட்டும் நான் பொறுத்துக்க மாட்டேன்.